காருக்கு எண்ணெய்க் காப்பு

தம்பி ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். கைபேசியில் அவன் அதைச் சொன்னதும் பாலேஸ்வரி "ஓம் தம்பி, சந்தோசம் தம்பி" என்று இரண்டு தரம் சொன்னாள். அழைப்பு நின்றதுதான் தாமதம், கைபேசியைக் கதிரையில் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினாள்.

கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவில், வெட்ட வெயிலில், தம்பியின் கார் நின்றது. சிவப்புக் கார். சிவப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கறுப்பாக இருக்க வேண்டிய பிளாஸ்ரிக் இடங்கள் இருக்கின்றனவே, பம்பரின் கீழ்ப்பகுதி, சில்லுகளைச் சுற்றிய வளையம், கதவடியால் ஓடும் பட்டி, வைப்பருக்குக் கீழே உள்ள தட்டு, அத்தனையும் சாம்பல் பூத்து வெளிறிக் கிடந்தன. விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். விரலில் வெள்ளையாக மா மாதிரி ஒட்டியது.

"ஐயோ, என்ன கோதாரி இது! இஞ்சாருங்கோ, ஒருக்கால் இஞ்சை வாங்கோ!"

அவளுடைய புருஷன் கதிரவேலு வெங்காயக் கொட்டிலுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். வெங்காயக் கொட்டில் என்பது இந்தச் சித்திரையில் வந்த பெயர். அதற்கு முன்னர் அது கார்க் கொட்டில். வில்லங்கம் முழுக்க அந்தப் பெயர் மாற்றத்தில்தான் இருந்தது.

சுன்னாகத்துப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு விதை வெங்காயம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கிண்டி எடுத்து, பிடி பிடியாகக் கட்டி, நிழலும் காற்றும் படுகிற இடத்தில் தூக்கிவிட்டால்தான் அடுத்த போகத்துக்கு நடலாம். சித்திரையில் வெங்காயம் கிண்டுகிற நேரம் பார்த்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பழைய கொட்டிலின் கூரை ஒழுகியது. இந்தப் பக்கம் புதுக்கிடுகு போட்ட கொட்டிலுக்குள் கார் சொகுசாக நின்றது. கதிரவேலு யோசிக்கவேயில்லை. இரண்டு கிழமைக்குத்தானே என்று காரைத் தள்ளி வெளியே விட்டார். வெங்காயத்தை உள்ளே ஏற்றினார். காரை மூடியிருந்த படங்கையும் உருவி வெங்காயத்துக்குத்தான் மறைப்புக் கட்டினார். அந்த இரண்டு கிழமை இப்போது ஆடி மாதத்துக்கு வந்து நிற்கிறது.

"அண்டைக்கே சொன்னனான், வெயில் படும் வெயில் படும் எண்டு. காதிலை விழுந்ததே உங்களுக்கு?"

"இரும்பெல்லே, வெயில் என்ன செய்யுமெண்டு நினைச்சன்" என்றார் கதிரவேலு.

"இது இரும்பே? தட்டிப் பாருங்கோ!"

அவர் தட்டிப் பார்த்தார். இரும்பில்லைத்தான்.

ஒரு காரின் கறுப்புப் பட்டி வெளிறியதற்கு இந்த மனுசி ஏன் இந்தப் பாடு படுகிறாள் என்று யாரும் கேட்கலாம். கேட்பவருக்கு அவர்களுடைய அம்மாவின் செத்தவீட்டைப் பற்றித் தெரியாது.

தம்பி சிவதர்ஷன் அவளுக்குப் பத்து வயது இளையவன். வீட்டுக்குக் கடைக்குட்டி. சுவிசுக்குப் போனவனுக்கு அங்கே விசா முடிவு வராததால், அம்மா செத்தபோது வர முடியவில்லை. யாரோ ஒருவர் கைபேசியைப் பிடித்துக் காட்ட, அவன் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிரேதம் எடுக்கிற நேரம் பாலேஸ்வரிக்கு என்ன பிடித்ததோ, கைபேசியைப் பறித்து, "படம் பாத்தது காணும்" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். பெற்ற தாயின் கடைசி முகத்தை அவன் பாதியில் இழந்தான். அதன் பிறகு வருடக்கணக்கில் அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இவளும் எடுக்கவில்லை. எடுக்க முகமில்லை.

போன வருடம் அவனுக்கு விசா கிடைத்து ஊருக்கு வந்தான். சாவகச்சேரியில் மனைவி வீட்டில்தான் நின்றான். போகிற நாளில், எதிர்பாராமல், தான் வாங்கியிருந்த இந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டான். "அக்கா, இது இஞ்சை நிக்கட்டும். வாற வருஷம் வந்து எடுக்கிறன். வெயில் படாமல் வையுங்கோ" என்றான். அவ்வளவுதான். தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டான். ஆனால் பாலேஸ்வரி அன்றைக்கு அந்தக் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை அம்மாவுக்கு அழுததைவிடப் பெரிது. தம்பி தன்னை நம்பி ஒன்றைத் தந்திருக்கிறான். அதை வெங்காயத்துக்காக வெயிலில் விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து பார்த்தால் என்ன நினைப்பான்? உவள் எப்பவும் உப்பிடித்தான் என்று நினைப்பானா, இல்லையா?

அடுத்த நாள் காலை அவள் அடுப்படியில் நிற்கும்போது கதிரவேலு வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஒரு பெருமை. கையில் நல்லெண்ணெய்ப் போத்தல்.

"வந்து பார். பாத்திட்டுப் பிறகு கதை."

பார்த்தாள். பம்பர் கருகருவென்று மினுங்கியது. வளையம் மினுங்கியது. பட்டி மினுங்கியது. கடையிலிருந்து இறக்கிய புதுக் கார் கூட அப்படி மினுங்காது.

"என்ன பூசினனீங்கள்?"

"எங்கடை பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் எண்ணெய்க் காப்புச் சாத்தினனாங்களெல்லே. சாத்த முந்தி எப்பிடி வெளிறிக் கிடந்தவர்? சாத்தின பிறகு எப்பிடி வந்தவர்? கருங்கல்லுக்கே அப்பிடியெண்டால் இந்தப் பிளாஸ்ரிக் எந்த மூலைக்கு?"

பாலேஸ்வரி குனிந்து சில்லு வளையத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவளையும் குறை சொல்ல முடியாது. கண் முன்னால் கார் அவ்வளவு வடிவாக நின்றது. தன் புருஷனுக்கும் மூளை இருக்கிறது என்று அன்று காலை ஒரு மணித்தியாலம் நம்பினாள், பாவம்.

பத்து மணிக்குக் கச்சான் காற்று எழும்பியது. ஆடிக் காற்று யாரையும் கேட்டு வருவதில்லை. தோட்டத்துச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. கொட்டிலுக்குள் புகுந்து வெங்காயச் சருகு அத்தனையையும் கிளப்பிக்கொண்டு வந்தது. எல்லாம் நேரே வந்து எண்ணெய்க் காப்பில் ஒட்டின. மத்தியானம் பாலேஸ்வரி கிணற்றடிக்கு வந்தபோது காருக்கு இறகு முளைத்திருந்தது. சில்லு வளையமெல்லாம் செம்மண் சேறு, அதற்கு மேலே மெல்லிய நாவல் நிறச் சருகு, காற்றடிக்க அடிக்கச் சிலிர்த்துக்கொண்டு. கோழியொன்று பம்பரைக் கொத்திக்கொண்டு நின்றது.

"இஞ்சாருங்கோ!"

அந்தச் சத்தத்தில் அடுத்த வளவு நாய் குரைத்தது. கதிரவேலு வரவில்லை. வரமாட்டார் என்று அவளுக்கும் தெரியும்.

சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். எண்ணெய் போகவில்லை, இடம் மாறியது. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக வந்தது. முன்னர் வெளிறியிருந்தாலும் ஒரே நிறமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பாலேஸ்வரி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்திக்கொண்டாள். "என்ரை தம்பிக்கு நான் என்னத்தைச் சொல்ல" என்று தலையில் கை வைத்தாள். கதிரவேலு ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து உதறினார். அவருக்கு மச்சானைவிட மனுசியின் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

"எழும்பு பாலேஸ்" என்றார் கடைசியில். "மருதனார்மடத்துப் பக்கம் கார்ச் சாமான் கடையொண்டு கிடக்கு. போய்க் கேப்பம்."

கடைக்காரன் ஜெரிசன் குருநகரில் பிறந்தவன். இந்தப் பக்கம் கல்யாணம் கட்டி, முன்னுக்குக் கடையும் பின்னுக்குக் கார் கழுவுகிற இடமும் போட்டிருந்தான். வாய்க்காரன். இவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்துமுன்னரே "வாங்கோ அன்ரி, என்ன பிரச்சினை?" என்றான். பாலேஸ்வரி சொன்னாள். கதிரவேலு தட்டில் தொங்கிய சாவிக்கொத்துகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு மேலை ஏதும் பூசினனீங்களோ?"

"நல்லெண்ணெய்" என்றாள் பாலேஸ்வரி.

ஜெரிசன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. "பறவாயில்லை அன்ரி. போன மாதம் ஒரு ஐயா மண்ணெண்ணெய் பூசிக்கொண்டு வந்தவர். அதைவிட இது திறம்."

பழைய பம்பர்த் துண்டொன்றை மேசையில் எடுத்து வைத்தான். அதில் மூன்று இடத்தில் மூன்று சாமான் பூசிக் காய்ந்திருந்தது. "இது விசிறி அடிக்கிற ரின். அடிச்ச உடனை நனைஞ்ச மாதிரி மினுங்கும். விலையும் குறைவு. ஒரு மழைக்குப் போயிடும். இது கறுப்புச் சாயம். கவனமாய்ப் பூசாட்டி வழிஞ்சு சிவப்பிலை பட்டிடும், பிறகு எடுக்கேலாது, நாளாக உரிஞ்சும் வரும். மற்றது இந்தச் சின்னப் போத்தல். பிளாஸ்ரிக்கோடை பிடிச்சு இறுகிற சாமான். பெரிய மினுக்கம் இராது. ஆனால் வெயிலைத் தாங்கும், வருஷக்கணக்கிலை நிக்கும்."

"முதலாவது நல்லா மினுங்குது" என்றார் கதிரவேலு. அவருக்கு இன்னும் மினுக்கத்தின்மேல் ஆசை போகவில்லை.

பாலேஸ்வரிக்குப் போய்விட்டது. கடை வாசலுக்குப் போனாள், குனிந்து தெருவோரத்துப் புழுதியில் ஒரு சிட்டிகை எடுத்து வந்தாள், பம்பர்த் துண்டின்மேல் மூன்று இடத்திலும் தூவினாள். பிறகு ஊதினாள். மினுங்கியதில் புழுதி அப்படியே பிடித்துக்கொண்டது, சாயத்திலும் பாதி நின்றது. சின்னப் போத்தல் பூசிய இடத்தில் ஒரு துகள் நிற்கவில்லை. லேஞ்சியை எடுத்து அதே இடத்தை அழுத்தித் துடைத்தாள். லேஞ்சியும் வெள்ளையாகவே இருந்தது.

"இதைத் தாரும் தம்பி."

ஜெரிசன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "இப்பிடி ஒருத்தரும் சோதிச்சுப் பாத்ததில்லை அன்ரி. இனி நானும் இப்பிடித்தான் காட்டப் போறன்."

விலையைக் கேட்டதும் கதிரவேலு இருமினார். பாலேஸ்வரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். இருமல் நின்றது.

"நீங்களே பூசித் தருவீங்களோ தம்பி?"

"நல்லூர்த் திருவிழா வருதெல்லே அன்ரி, வெளிநாட்டுச் சனத்தின்ரை கார் முழுக்க இஞ்சைதான். மூச்சு விட நேரமில்லை. நீங்களே பூசலாம், கஸ்ரமில்லை. முதல் இந்தத் திரவத்தாலை அந்த எண்ணெயை மிச்சமில்லாமல் எடுக்கோணும். எண்ணெய் இருந்தால் இது பிடியாது. நல்லாய்க் காயவிட்டு, சிவப்பிலை படாமல் ஓரத்துக்கு ரேப் ஒட்டிப் போட்டு, மெல்லிசாய் ஒருக்கால். பூசின பிறகு அடுத்த நாள் வரைக்கும் வெயிலும் படக்கூடாது, தண்ணியும் படக்கூடாது, புழுதியும் படக்கூடாது. காரை விட வீட்டிலை நிழலான இடம் இருக்குத்தானே?"

கதிரவேலு பாலேஸ்வரியைப் பார்த்தார்.

"இருக்கு" என்றாள் பாலேஸ்வரி.

மோட்டார் சைக்கிள் படலைக்குள் நுழைந்ததும் கதிரவேலு தொடங்கினார். "நான் சொல்லிப் போட்டன், வெங்காயத்திலை ஒருத்தரும் கை வைக்கேலாது. விதை வெங்காயம்! வெயில் பட்டால் அவிஞ்சு போகும். எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

"வீட்டுக்குள்ளை."

"வீட்டுக்குள்ளையோ? உனக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்." அவள் நின்றாள். "உங்களுக்கு அடுத்த போகம் கிடக்கு, அதுக்கு அடுத்த போகம் கிடக்கு. எனக்கு உள்ளது ஒரு தம்பி. அவன்ரை அம்மான்ரை முகத்தை நான்தான் பறிச்சனான். இப்ப அவன் தந்த சாமானையும் பழுதாக்கிப் போட்டு நிக்கேலாது. விளங்குதோ?"

கதிரவேலு மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தச் செத்தவீட்டுக் கதையை அவள் வாய்விட்டுச் சொல்லி அவர் இதுவரை கேட்டதில்லை. சால்வையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். முதல் பிடியை அவர்தான் இறக்கினார்.

இருட்டுமுன்னர் வீடு வீடாக இல்லை. விறாந்தையில் கயிறு கட்டி வெங்காயம். கதிரைகளின் முதுகில் வெங்காயம். கட்டிலில் படங்கை விரித்து அதன்மேல் வெங்காயம். அலுமாரிக் கதவுப் பிடியிலும் இரண்டு பிடி. சாமி அறையை மட்டும் பாலேஸ்வரி விடவில்லை. அன்றிரவு அவர்கள் அடுப்படியில் பாய் போட்டுப் படுத்தார்கள். கண் எரிந்தது.

சனிக்கிழமை விடிய வேலை தொடங்கியது. ஜெரிசன் தந்த திரவத்தை ஊற்றி, பழைய பல் துலக்கிற பிரஷால் ஒவ்வொரு மடிப்பாகத் தேய்த்தார்கள். அவள் தேய்க்க அவர் தண்ணீர் ஊற்ற, அவர் தேய்க்க அவள் துடைக்க. எண்ணெய் பால்போல் வடிந்து போனது. கடைசியில் கறுப்பெல்லாம் மறுபடியும் ஒரே சீரான சாம்பலாக வந்தபோது, வெளிறிய பிளாஸ்ரிக்கைப் பார்த்து மனுசர் சந்தோசப்பட முடியும் என்று இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. காரைத் தள்ளி வெறுங்கொட்டிலுக்குள் விட்டார்கள். புழுதி கிளம்பாமல் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்தார்கள். காற்று வருகிற பக்கம் சேலைகளைக் கட்டினார்கள். காயும்வரை பொறுத்திருந்து, ரேப் ஒட்டி, பின் சில்லு வளையத்தின் ஒரு மூலையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பாலேஸ்வரி முதல் சொட்டைப் பூசினாள்.

கறுத்தது.

இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தார்கள். எண்ணெய் காட்டிய அந்த வழவழப்பு இல்லை. பிளாஸ்ரிக் பிறந்தபோது இருந்த நிறம், அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து விரலால் தொட்டாள். விரலில் ஒன்றுமில்லை. "அப்பாடா" என்றாள். அந்த ஒரு சொல்லோடு மூன்று நாளாக நெஞ்சில் ஏறி இருந்தது இறங்கியது. பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "வெங்காயம்" என்றாள் புருஷனிடம். வெங்காயமெல்லாம் வீட்டுக்குள் இருந்தது. கதிரவேலு அதைச் சொல்லாமல் போத்தலை வாங்கி மிச்ச இடங்களைப் பூசத் தொடங்கினார்.

ஞாயிறு காலை சிவதர்ஷன் ஓட்டோவில் தனியே வந்து இறங்கினான். கொஞ்சம் மெலிந்திருந்தான். படலையடியில் நின்று, உள்ளே வரவா வேண்டாமா என்பதுபோல் ஒரு கணம் பார்த்தான். பாலேஸ்வரி "வா தம்பி" என்றாள். வேறென்ன சொல்வதென்று தெரியாமல் நேரே கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவன் காரைச் சுற்றி வந்தான். கதவடிப் பட்டியைக் கையால் தடவினான். "நான் விட்டிட்டுப் போகேக்கை இருந்ததைவிடக் கறுப்பாயெல்லே கிடக்கு. நல்லா வைச்சிருக்கிறியள் அக்கா."

இதற்காகத்தானே இவ்வளவும். பாலேஸ்வரிக்கு உடம்பெல்லாம் லேசானது. இத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் கதிரவேலுவுக்குப் பொய்யும் வராது, வாயும் மூடாது.

"தம்பி, நாங்கள் வெயிலுக்கை விட்டிட்டம்" என்றார். "கொட்டிலுக்கை வெங்காயம் தூக்கினது. எல்லாம் வெளிறிப் போச்சு. பிறகு நான் எண்ணெய்க் காப்புச் சாத்தினன். பிறகு கோழி கொத்தினது. பிறகுதான் அக்கா இதைத் தேடி வாங்கிப் பூசினவ. வெங்காயம் முழுக்க இப்ப கட்டிலிலை கிடக்கு."

பாலேஸ்வரிக்கு அவரை அப்படியே கிணற்றுக்குள் தள்ள வேண்டும்போல் இருந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. அவன் வீட்டுப் பக்கம் நடந்தான், விறாந்தையில் தொங்கிய வெங்காயத்தைப் பார்த்தான், யன்னலால் கட்டிலைப் பார்த்தான்.

"இவ்வளவையும் உந்தக் காருக்காகவே தூக்கி வைச்சனீங்கள்?"

"நீ நம்பித் தந்ததெல்லே தம்பி" என்றாள் அவள். "வெயில் படாமல் வையுங்கோ எண்டு சொன்னதைக்கூட நான்..."

"அக்கா." அவன் குறுக்கிட்டான். "உந்தக் கார் எனக்கு என்னத்துக்கு? சாவகச்சேரியிலை மாமாவின்ரை வான் சும்மா நிக்குது." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சும்மா வந்து உங்கடை படலையைத் திறக்க எனக்குத் துணிவு வரேல்லை. நீங்கள் வாவெண்டு சொல்லுவியளோ மாட்டியளோ தெரியாது. ஒரு சாமானை விட்டிட்டுப் போனால் அதை எடுக்கவெண்டாலும் வரத்தானே வேணும். அதுக்காகத்தான் விட்டனான்."

பாலேஸ்வரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "விசரா" என்றாள். "விசரா" என்று இன்னொரு தரம் சொல்லி அவன் தோளில் அடித்தாள். அடித்த கையை எடுக்கவில்லை. "அண்டைக்கு நான் அந்தப் போனைப் பறிச்சது..."

"விடுங்கோ அக்கா. இனி அதைக் கதைக்க வேண்டாம்."

"பிள்ளையள் எங்கை? அவளை ஏன் கூட்டி வரேல்லை?"

"வாவெண்டு சொன்னால் பின்னேரமே வருவினம். ஆனால் எங்கை படுக்கிறது? கட்டில் முழுக்க வெங்காயமெல்லே."

கதிரவேலு தொண்டையைச் செருமினார். கொட்டிலைப் பார்த்தார். காரைப் பார்த்தார். வெங்காயத்தைத் திரும்பக் கொட்டிலுக்குள் ஏற்றலாமே என்று கேட்கத் துணிவில்லை.

சிவதர்ஷன் சிரித்துவிட்டான். சிறு வயதில் சிரிக்கும் அதே சத்தம். "அக்கா, சாவியைத் தாங்கோ."

காரில் ஏறி, கதிரவேலுவை முன்னால் நின்று தள்ளச் சொல்லி, பின்னால் உருட்டி, கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவில், வெட்ட வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினான். இறங்கிக் கதவைச் சாத்தினான்.

"வெயிலைத் தாங்குமெண்டுதானே பூசினனீங்கள், நிக்கட்டும்" என்று சேர்ட் கையை மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். "அத்தான், வாங்கோ. முதல் கட்டிலிலை கிடக்கிறதைத் தூக்குவம்."